சுண்ணாம்புச் சுவரில் ஆணி

"ஒரே ஒரு ஆணிதாண்ணே" என்று சொல்லிக்கொண்டே டெக்கரேஷன் தம்பி அடித்தான். சுவரிலிருந்து வெள்ளையாகப் பொடி கொட்டியது.

வேலூரில் ஒரு நிச்சயதார்த்தம். பூங்காவுக்குள் இருக்கிற பழைய கட்டடம், இப்போதுதான் பழுதுபார்த்து விழாக்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.

அந்தப் பூச்சு சிமெண்ட் இல்லை. சுண்ணாம்பையும் மணலையும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்து, தேய்த்துத் தேய்த்து எடுத்தது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. ஈரம் உள்ளே போனாலும் வெளியே வந்துவிடும். ஆணி பிடுங்கின ஓட்டையில் நாளைக்கு யாராவது சிமெண்டை அப்புவார்கள், ஈரம் உள்ளேயே தங்கும், அப்புறம் சுற்றியிருக்கிற பூச்சும் உப்பு பூத்து உதிரும்.

அதற்காகப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை.

பூட்டின கட்டடத்தில் ஆலங்கன்றுதான் முளைக்கும். நம்ம கோட்டைக்குள்ளேயே ஜலகண்டேஸ்வரர் கோயில் எத்தனை காலம் பூசையில்லாமல் கிடந்தது! 1981ல் சாமி திரும்ப வந்த பிறகு பாருங்கள், எத்தனை ஜனம். அந்தக் கல்யாண மண்டபத்துத் தூண்களை, அந்தக் குதிரைகளையும் யாளிகளையும், இன்று இத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள் என்றால் அதனால்தான்.

ஆட்கள் புழங்கட்டும், பந்தி நடக்கட்டும், குழந்தைகள் ஓடட்டும். ஆணி மட்டும் வேண்டாம். பூவையும் சீரியல் செட்டையும் தனியாக நிற்கிற இரும்புக் குழாய் ஃப்ரேமில் கட்டலாம், ஜெனரேட்டரைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கலாம். சொன்னேன்.

"ஃப்ரேமுக்குத் தனி வாடகை ஆகும்ணே."

பெண்ணின் அப்பாவிடம் பேசினேன், உடனே சரி என்றார். மீதி அலங்காரம் முழுக்க ஃப்ரேமில்தான் கட்டினார்கள்.