சாயக்கழிவு நீர் ஆய்வும் முனைவர் பட்ட வைவாவும்: ஆலையோடு சேர்ந்து ஆய்வு செய்வோருக்கு

திருப்பூர்ச் சாயக்கழிவு நீரை ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துடன் இணைந்து ஆய்ந்து, அண்மையில் வைவா (வாய்மொழித் தேர்வு) முடித்துத் தேறியிருக்கிறேன். ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) சவ்வின் அடைப்பைப் பற்றியும் ஆவியாக்கியின் மின்செலவைப் பற்றியும் கேட்பார்கள் என்று ஆயத்தமாகப் போயிருந்த என்னிடம், புறத்தேர்வாளர் முதலில் கேட்டது, “ஆலைக்காரர் எடுத்துக் கொடுத்த மாதிரியை நான் ஏன் நம்ப வேண்டும்?” என்பதுதான்.

கேள்வி நியாயமானது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை இன்னும் மறக்காத ஊரில், வெளியேறும் நீரின் டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு) வரம்பான லிட்டருக்கு 2100 மி.கி.யைத் தாண்டியதாக ஆய்வேட்டில் ஒரு வரி வந்தால் ஆலைத் தரப்பு பதறத்தான் செய்யும். அந்தப் பதற்றம் தரவில் கலந்திருக்கிறதா என்பதே தேர்வாளரின் ஐயம்.

அந்த அறையில் எனக்குக் கைகொடுத்தது இரட்டை மாதிரி முறை. ஒரே வாளியில் மொண்ட நீரை இரு பங்காக்கி, ஒன்றை ஆலை ஆய்வகத்திலும் மற்றொன்றைப் பல்கலைக்கழகத்திலும் சோதித்து, இரு முடிவுகளையும் பக்கம் பக்கமாக அட்டவணையில் இட்டிருந்தேன். அதற்குமேல், ஒவ்வொரு மாதிரிக்கும் அயனிச் சமநிலை, அதாவது நேர் அயனிகளின் மின்னூட்டமும் எதிர் அயனிகளின் மின்னூட்டமும் சமமாக வருகின்றனவா என்ற கணக்கு, போட்டிருந்தேன். சோடியம் லிட்டருக்கு 1150 மி.கி. என்றால் அது மின்னூட்டக் கணக்கில் 50 மில்லி ஈக்விவலன்ட். கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தபின் வரும் கூட்டுத்தொகையோடு குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் ஆகியவற்றின் கூட்டுத்தொகை 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத மாதிரிகளையும் நீக்காமல் பின்னிணைப்பில் வைத்திருந்தேன்; தேர்வாளர் நேராக அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார். வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள் என்பேன். நாவன்மை உள்ளவர்கள் பேசியே கரையேறலாம். என்னைப் போலத் தயங்குபவர்களுக்கு அட்டவணைதான் வாய்.

மற்றவை சுருக்கமாக:

- சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) மதிப்பைக் குளோரைடு மதிப்போடு சேர்த்தே காட்டுங்கள். அந்தச் சோதனையில் சேர்க்கும் டைகுரோமேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து சி.ஓ.டி.யை உயர்த்திக் காட்டும். அதைத் தடுக்க மெர்க்குரிக் சல்பேட் சேர்த்தாலும், குளோரைடு லிட்டருக்கு 2000 மி.கி.க்கு மேல் போகும் ஆர்.ஓ. கழிவில் வழக்கமான முறை நம்பகமாக இராது. மாதிரியை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள்.
- மாதிரி கெடாமல் இருக்க, உலோகங்களுக்கான புட்டியில் நைட்ரிக் அமிலத்தையும் சி.ஓ.டி. புட்டியில் கந்தக அமிலத்தையும் விட்டு, பி.எச். 2-க்குக் கீழே இறக்கிய நேரத்தைப் பதிவேட்டில் குறித்து, ஆலைப் பணியாளரிடமும் கையொப்பம் வாங்குங்கள்.
- ஆலை தரும் மாதச் சராசரியை ஏற்காமல், அன்றாடப் பதிவைக் கேளுங்கள். கசிவும் பழுதும் சராசரியில் மறைந்துவிடும்.
- முதல் மாதிரியை எடுக்கும் முன்பே ஒப்பந்தத்தை முடித்துவிடுங்கள். ஆலையின் பெயரை மறைக்கலாம். எண்களை மறைக்கச் சம்மதிக்காதீர்கள். ஆய்வுக் கட்டுரையைப் பார்வையிட ஆலைக்குக் கெடு வையுங்கள். ஆய்வேட்டுக்கும் வைவாவுக்கும் அவர்களின் ஒப்புதல் தேவையில்லை என்பதை எழுத்தில் பெறுங்கள்.

கடைசியாகச் சொன்னதை வெறும் சம்பிரதாயமாகக் கொள்ள வேண்டாம். வைவாவுக்கு முதல் நாள் மாலை, படவில்லைகளை அனுப்பும்படியும் ஆர்.ஓ. கழிவு பற்றிய இரண்டு வரைபடங்களை எடுத்துவிடும்படியும் ஆலைத் தரப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நெறியாளர் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பினார். இரண்டு வரைபடங்களும் மறுநாள் திரையில் இருந்தன.