வண்டலூரில் ஒரு பெரிய பட்டாம்பூச்சியும் ஒரு பொன்வண்டும்

நேற்று வண்டலூர் போய் வந்தேன். ஆட்டோக்காரர் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து உயிரியல் பூங்கா வாசல் நடக்கிற தூரம்தான். மழை தூறியதால் ஏறினேன். இறங்கும்போது 150 ரூபாய் கேட்டார். "மழைன்னா அப்படித்தான் சார்." நுழைவுச்சீட்டு 200. ஒரு மரத்தைக்கூடப் பார்க்கும் முன்பே 350 ரூபாய் போய்விட்டது.

மழை விட்டு வெயில் வந்ததும் பாதையோர ஈர மண்ணில் ஒரு புளூ மார்மன் வந்து உட்கார்ந்தது. தென்னிந்தியக் காடுகளிலும் இலங்கையிலும் பறக்கிற பட்டாம்பூச்சி. சிறகை விரித்தால் 12 செ.மீ.க்கு மேல். கன்னங்கரேல் சிறகு, அதில் வெளிறிய நீலம், நீலத்துக்குள் கரும்பொட்டுகள். இதன் புழு எலுமிச்சை, நாரத்தை இலை தின்னும் என்பதால் வீட்டுத் தோட்டத்துக்கும் வருவதுண்டு. நான் போனை எடுப்பதற்குள் மரத்துக்கு மேலே போய்விட்டது. படமே இல்லை!

அப்புறம்தான் வேல மரக் கிளையில் பொன்வண்டு. அடடா! கழுத்துப் பக்கம் ஊசியால் குத்தினாற்போல் குழி குழியாக இருந்தது. நான் தலையைச் சாய்த்தால் பச்சை செம்பாகிறது, நிமிர்ந்தால் மறுபடி பச்சை. காற்றில் கிளை ஆடியதும் ஆறு காலையும் மடக்கிக்கொண்டு பொத்தென்று விழுந்து, செத்ததுபோல் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கால் மட்டும் மெல்ல வெளியே வந்தது. சின்ன வயதில் இதைத் தீப்பெட்டியில் அடைத்து, கொடுக்காப்புளி இலை போட்டு, முட்டை வைத்ததா என்று தினமும் திறந்து பார்ப்போம். மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்ந்து, வெளியே வந்து சில வாரமே வாழ்கிற உயிர் அது. இப்போது நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

பட்டாம்பூச்சியின் நிறம் சிறகுத் தூளில் இருக்கிறது, தொட்டால் விரலோடு வந்துவிடும். பொன்வண்டின் பச்சை சாயம் அல்ல. ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. செத்தாலும் மங்காது. அதுவே அதற்கு வினையாகவும் ஆனது. 19-ஆம் நூற்றாண்டில் மெட்ராஸில் இந்த ஓடுகளை மஸ்லின் துணியில் ஜரிகையோடு தைத்தார்கள், ஐரோப்பாவுக்கும் அனுப்பினார்கள். 1888-இல் லண்டன் நடிகை எலன் டெரி போட்ட மேடை உடையிலும் வண்டு ஓடுகள்தான் மின்னின.

இரண்டில் எனக்குப் பிடித்தது பொன்வண்டுதான். பறக்கிற அழகில் புளூ மார்மனை மிஞ்ச முடியாது, சரி. ஆனால் பக்கத்தில் குனிந்து பார்க்க விட்டது இதுதானே.

போகிறவர்கள் மழை விட்ட காலையில் போங்கள். செவ்வாய் விடுமுறை. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போங்கள், குடை எடுத்துக்கொண்டு.