கட்டெறும்பு தும்மிய இடம்

என் முதல் புத்தகத்துக்கு வாங்கிய அணிந்துரை மூன்றே கால் பக்கம். அதில் ‘இந்தச் சின்ன வயதில்’ என்பது ஆறு இடத்தில் வருகிறது. விரல்விட்டு எண்ணினேன். கதைகளின் தலைப்பு இரண்டு இடத்தில் வருகிறது, அதிலும் ஒன்று தப்பு.

எழுதித் தந்தவர் மேல் எனக்குக் குறை இல்லை. உடம்பு முடியாத நேரத்திலும் கேட்ட நான்காம் நாளே தந்துவிட்டார். அன்பில்தான் அப்படி எழுதினார். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: 17 வயதில் புத்தகம் போட்டால் எல்லோரும் முதலில் வயதைப் படிப்பார்கள், நேரம் மிச்சமிருந்தால் கதையைப் படிப்பார்கள். இப்போது எனக்கு 19. இந்த ‘இளம்’ என்ற அடைமொழி எப்போது கழன்று விழும் என்று யாராவது சொன்னால் தேவலை. 35 வயதானவர்களையும் மேடையில் ‘இளம் எழுத்தாளர்’ என்றுதான் அழைக்கிறார்கள். ஆக, இன்னும் நாள் இருக்கிறது.

என்னை எங்காவது உட்காரவைத்துக் கேள்வி கேட்டால், கேள்விகள் மூன்றுதான். ‘படிப்பு கெட்டுப்போகாதா?’ ‘வீட்ல யாராவது திருத்திக் குடுப்பாங்களா?’ மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்குவது: ‘இந்தக் கதை மூலமா என்ன கருத்து சொல்ல வர்றீங்க?’ முதல் கேள்விக்குப் பதில், ஆமாம், கணக்கில் ஒரு தடவை கெட்டது. இரண்டாவதற்கு, இல்லை, எங்கள் வீட்டில் யாரும் கதை படிக்கிற ரகமே இல்லை. மூன்றாவதற்கு நான் சொல்கிற பதில் மேடையில் எடுபடுவதில்லை. அதற்கு ஒரு எறும்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

எனக்கு 11 வயது, தம்பிக்கு 5. மாடிப்படியில் ஓடி விழுந்து அவனுக்கு இடது முன்கை எலும்பு முறிந்து, மாவுக்கட்டு போட்டுக் கூட்டிவந்தார்கள். ஆறு வாரம். முதல் வாரம் ஐயாவுக்கு ராஜ உபசாரம். இரண்டாவது வாரம் உள்ளே அரிக்கத் தொடங்கியது. மாவுக்கட்டு போட்டவர்களுக்குத்தான் அந்த அரிப்பு தெரியும். சொறியவும் முடியாது, மறக்கவும் முடியாது. உள்ளே எதையும் விடக்கூடாது, தோல் கிழிந்தால் சீழ் பிடிக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு ராத்திரி முழிப்பு வந்து பார்த்தால், என்னுடைய ஸ்கேலை எடுத்துக் கட்டுக்குள் செருகப் போகிறான்.

“டேய், குத்திடாதே! உள்ளே எறும்பு இருக்கு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. வாயில் வந்தது. அவன் கை அப்படியே நின்றது.

“எறும்பா? எப்படிப் போச்சு?”

“மாவுக்கட்டுன்னு யாரோ சொன்னது அது காதுல விழுந்திருக்கு. மாவு இருக்கும்னு நினைச்சு உள்ளே போயிடுச்சு.”

“அப்புறம்?”

அந்த ‘அப்புறம்’தான். அதற்குப் பிறகு நான் வாங்கிய எந்தப் பாராட்டும் அதன் கிட்ட வரவில்லை. கட்டுக்குள் போனதால் அதற்குக் கட்டெறும்பு என்று பெயர் வந்தது என்று அவனிடம் சொல்லிவைத்தேன். ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தான். எல்லாக் கட்டெறும்புக்கும் யாரோ ஒருவரின் மாவுக்கட்டில்தான் பிறப்பு என்பது அவன் கணக்கு.

அரிப்பு குறையவில்லை. ஆனால் அரிப்புக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. “இப்ப மணிக்கட்டுகிட்ட நடக்குது அக்கா” என்பான். 1944-இல் ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு சின்ன வட்டம், கதவு மாதிரி திறக்கிற ஒரு கட்டம். அவை அங்கும் இங்கும் நகரும், அவ்வளவுதான் படம். பார்த்த 34 பேரிடம் என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஒரே ஒருவர்தான் கிட்டத்தட்ட முழுக்கவே முக்கோணம், வட்டம் என்று வடிவங்களாகச் சொன்னார். மற்றவர்களில் பெரும்பாலோர் முரடன், பயந்தவள், சண்டை, துரத்தல் என்று கதையாகவே சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தம்பியின் கைதான் ஞாபகம் வந்தது. கோட்டிலும் வட்டத்திலும் ஆளைப் பார்க்கிற மனசுக்கு, அரிப்பில் எறும்பைப் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த 34-இல் ஒருவரோடு மட்டும் ஒரு நாள் பேசிப் பார்க்க ஆசை.

நான்கு வாரம் தினமும் ராத்திரி எறும்பு நகர்ந்தது. எழுத்துப் பட்டறைகளில் பின்னால் கற்றுக்கொடுத்த பலவற்றை அவன் அப்போதே கற்றுக்கொடுத்துவிட்டான். நேற்று மணிக்கட்டில் விட்ட எறும்பு இன்றைக்கு முழங்கையில் இருந்தால், “நடுவுல எப்படிப் போச்சு, சொல்லாம விட்டுட்ட” என்பான். எறும்புக்குப் பசி என்று ஒருநாள் சொல்லிவிட்டு மறுநாள் மறந்தால் விடமாட்டான். எனக்குத் தூக்கம் வந்து அவசரமாக முடித்தால், “இது சரியில்ல, நாளைக்கு நல்லா சொல்லு” என்பான். இவ்வளவு கறாரான ஆசிரியர் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. சின்ன ரம்பம் ஒன்று, அதிர்ந்து அதிர்ந்து மாவை மட்டும் அறுக்கும், தோலைக் கிழிக்காது. அந்தச் சத்தம் கேட்டதும் தம்பி அலறினான். பயத்தில் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்குத்தான் விஷயம் தெரியும். “எறும்பு! உள்ளே எறும்பு இருக்கு! அறுபட்டுடும்!” அம்மா அவன் வாயைப் பொத்தப் போனார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன், எல்லாப் பழியும் என் மேல்தான் விழும் என்று.

கட்டுப் பிரிக்க வந்தவர் ரம்பத்தை நிறுத்தினார். குனிந்து, கட்டின் வாயில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “எறும்பா? கறுப்பா, கொஞ்சம் பெரிசா? அது அப்பவே இறங்கிடுச்சு தம்பி. நீ வரும்போது வாசல்ல போய்க்கிட்டிருந்துச்சு, நான் பார்த்தேனே” என்றார்.

தம்பி கையை நீட்டிவிட்டான்.

அந்த மனிதர் பெயர் எனக்குத் தெரியாது. கதை என்னவென்றும் அவருக்குத் தெரியாது. யாரோ விட்ட நூலின் நுனி கண்ணில் பட்டது, பிடித்துக்கொண்டார், ஒரு முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கதை எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சொல்ல நினைப்பது இந்தக் காட்சியைத்தான். சொல்லத் தொடங்கினால் பாதியில், “சரிம்மா, நேரமாகுது, கருத்து?” என்பார்கள்.

கருத்துள்ள கதைகளுக்கு நான் விரோதி இல்லை. இந்தோனேசியாவில் சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்றொரு தீவு. 1907-இல் அங்கே பெரிய நிலநடுக்கம், பின்னாலேயே ஆழிப்பேரலை, கொத்துக் கொத்தாகச் சாவு. பிழைத்தவர்கள் அதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அந்த அலைக்கு அவர்கள் மொழியில் ‘ஸ்மோங்’ என்று பெயர். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலம் ஆடியதும் ‘ஸ்மோங், ஸ்மோங்’ என்று கத்திக்கொண்டே எல்லோரும் குன்றுக்கு ஓடிவிட்டார்கள். நடுக்கத்தின் மையத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும், சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். பக்கத்திலிருந்த ஆச்சே கரையில் லட்சத்துக்கும் மேல்.

97 வருஷம். இதே செய்தியை அறிவிப்பாக எழுதி ஒட்டியிருந்தால் இரண்டு மழைக்குத் தாங்கியிருக்குமா? பாட்டி மடியில் படுத்துக் கேட்டதால் நின்றது. முதலில் அதைக் கதையாகச் சொன்னது யார், அவருக்கு என்ன வயது என்பதெல்லாம் போய்விட்டது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லி தன் முதல் நாவலான ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதத் தொடங்கியபோது அவருக்கு 18 வயது. 1818-இல் அது வெளிவந்தபோது அட்டையில் பெயரே இல்லை. பலர் அவர் கணவர் எழுதியது என்று நினைத்துக்கொண்டார்கள், அது கொடுமைதான். ஆனாலும் ‘இந்தச் சின்ன வயதில்’ என்று ஒருவரும் எழுத முடியாமல் போனதே என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

எறும்புக் கதைதான் என் புத்தகத்தில் கடைசிக் கதை. அச்சுக்குப் போகிற நேரத்தில் பதிப்பகத்திலிருந்து போன். “பக்கம் 114-ல பாதி வரைக்கும் ஓடுதும்மா. 112-ல முடிச்சாகணும்.” எனக்கு விளங்கவில்லை. விளக்கினார்கள். பெரிய தாளை அச்சடித்து மடித்தால் 16 பக்கம், அதுதான் ஒரு ஃபாரம். ஏழு ஃபாரம் 112 பக்கம். ஒன்றரைப் பக்கத்துக்காக எட்டாவது ஃபாரம் போட்டால் மிச்சமெல்லாம் வெள்ளையாக நிற்கும். பக்கத்துக்கு 30 வரி, ஆக 45 வரியை எடுத்துவிடு. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். எனக்குக் கட்டெறும்பையே தேய்க்க வேண்டி வந்தது.

அந்தக் கதையில் தும்மல் என்று ஒரு இடம் உண்டு. எறும்பு முழங்கை வளைவை நெருங்கும்போது மாவுத்தூள் மூக்கில் ஏறித் தும்மிவிடும். குறுகலான குகை, எறும்போ சின்னது. ஒவ்வொரு தும்மலுக்கும் ஐந்து அடி பின்னால் தள்ளப்படும். மூன்று அடி நடக்கும், தும்மும், ஐந்து அடி பின்னால். தம்பி அதற்குச் சிரித்த சிரிப்பில் அம்மா எழுந்து வந்து இருவரையும் திட்டினார். கணக்குப் போட்டதில் அந்த இடம் அச்சு அசலாக 45 வரி வந்தது. வெட்டிவிட்டேன்.

கதையின் முடிவில் இன்னொரு பத்தியும் இருந்தது, 14 வரி. அக்கா ஜன்னலருகே நின்று வலியைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் யோசிப்பாள். அணிந்துரையில் ‘இந்தச் சின்ன வயதில் இவ்வளவு முதிர்ச்சியா’ என்று வியந்தது அந்தப் பத்தியைத்தான். அதைத் தொடவில்லை. தும்மல் சின்னப்பிள்ளைத்தனம் என்று பட்டது. சின்னப்பிள்ளை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான், வேறென்ன.

நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்தபடி நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆனி ஃபிராங்க் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் வயதையும் சாவையும் பேசுவார்கள். அவர் தன்னைத்தானே எடிட் செய்தவர் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 1944 மார்ச் 28 அன்று, போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பிற்பாடு திரட்டப் போவதாக லண்டன் வானொலியில் நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் பேசியதைக் கேட்டார். மே மாதத்திலிருந்து தன் நாட்குறிப்பைத் தனித் தாள்களில் திரும்ப எழுதத் தொடங்கினார். சிலதை நீக்கினார், சிலதைச் சேர்த்தார், பெயர்களை மாற்றினார். ஆகஸ்ட் 4 அன்று கைது. 13 வயதில் எழுதிய வரிகளை 15-ஐத் தொடும்போது உட்கார்ந்து அடித்துத் திருத்திய அந்தக் கை எந்த வரியில் தயங்கி நின்றிருக்கும் என்று யோசிப்பேன். என் கை தயங்கவே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

தம்பிக்கு இப்போது 13. கதைப் புத்தகம் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். போன மாதம் வீட்டில் இணையம் போய்விட்டது. வேறு வழியில்லாமல் என் புத்தகத்தை எடுத்து, நின்றுகொண்டே கடைசிக் கதையைப் படித்தான்.

“தும்மல் எங்கே?”

“எது?”

“அஞ்சு அடி பின்னாடி போகுமே, அது.”

“பக்கம் பத்தலடா.”

“கடைசியில அந்த அக்கா ஜன்னல்கிட்ட நின்னு என்னமோ யோசிக்கிறா, அதுக்கு மட்டும் பத்துச்சா?” புத்தகத்தை மூடினான். “நீ ஜன்னல்கிட்டல்லாம் நிக்கல. தூங்கிட்ட.”

எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. நான் தூங்கியதுவரை ஞாபகம் வைத்திருக்கிறான்.

இரண்டாம் பதிப்பு போடலாம் என்று பதிப்பகத்தில் சொல்கிறார்கள். அதே ஏழு ஃபாரம்தான். நேற்று ராத்திரி உட்கார்ந்து வரி எண்ணினேன். தும்மல் 45. ஜன்னலைத் தூக்கிவிட்டால் 14 மிச்சம். என்னுரையின் கடைசி நான்கு வரிகள் மட்டும் தனிப் பக்கத்துக்கு வழிந்திருக்கின்றன, ‘இந்த இளம் வயதிலேயே’ என்று நானே தொடங்கும் வரிகள். அவற்றை எடுத்தால் ஒரு முழுப் பக்கம், 30 வரி. மொத்தம் 44. ஒரே ஒரு வரி இடிக்கிறது.

எறும்பு நான்கு அடி பின்னால் போனால் ஒரு வரி குறையும், சரியாக வந்துவிடும் என்று தம்பியிடம் கேட்டுப் பார்த்தேன். கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னான்:

“அஞ்சு.”