கரிசல், தேரி, குன்னூர் மண்

ஜூலை 8, 2024, திங்கள்

ஒன்பதாம் வகுப்புக்கு உயிர்க்கோளப் பாடம். "ஒரு ஊரோட மழையையும் வெயிலையும் சொல்லுங்க, அங்க என்ன மண்ணுன்னு நான் சொல்றேன்" என்று கொஞ்சம் மிதப்பாகவே ஆரம்பித்துவிட்டேன். அமேசான் காட்டில் சத்தெல்லாம் மரத்திலும் சருகிலும்தான். மண்ணில் தங்கவிடாமல் மழை கழுவிவிடும். உக்ரைன் புல்வெளியில் கடுங்குளிரும் கோடை வறட்சியும் மாறி மாறி வருவதால் புல்வேர் முழுதாக அழியாமல் மட்காகச் சேர்ந்து, ஒரு மீட்டர் ஆழம்வரைகூடக் கறுத்துக் கிடக்கும். பெயரே செர்னோசம், அதாவது கறுப்பு மண்.

"அப்போ நம்ம கரிசல்தான் டீச்சர் அது!" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். மணி அடித்துவிட்டது. நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தப்பு.

ஜூலை 10, புதன்

முதல் வேலையாக அந்தத் தலையாட்டலைத் திருத்தினேன். கரிசலில் கரிமச்சத்து பெரும்பாலும் 1 சதவீதம்கூடத் தேறாது. கறுப்பு என்பதாலேயே மட்கு நிறைந்த மண் ஆகிவிடாது. கரிசலின் பலம் அதன் களிமண்ணில். நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் மேல்மண் உதிர்ந்து, மழையில் உப்பி, மண் தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும் என்றேன்.

"பிறகு எதுக்கு டீச்சர் எங்கப்பா டிராக்டருக்கு வாடகை குடுக்காரு?"

வகுப்பே சிரித்தது. நானும்தான்.

ஜூலை 12, வெள்ளி

மூன்று தண்ணீர் பாட்டில்கள்: எங்கள் கோவில்பட்டிக் கரிசல், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண், குன்னூர் தேயிலைத் தோட்டத்து மண். குலுக்கி வைத்தோம். தேரி மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிட்டது. கரிசல் தெளிகிற வழியைக் காணோம்.

அப்புறம் வினிகர். கரிசலில் இருந்த சுக்கான் துணுக்குகள், அதாவது சுண்ணாம்புக் கற்கள், நுரைத்தன. குன்னூர் மண் சும்மா கிடந்தது. அங்கே பெய்கிற மழை சுண்ணாம்பைக் கரைத்து இறக்கிவிடும். மிஞ்சுகிற அமில மண்தான் தேயிலைக்குப் பிடித்தது. நம் ஊரின் 700 மில்லிமீட்டர் சொச்சம் மழைக்கு அந்த வேகம் இல்லை.

என் கட்சி ஜெயித்தது என்று நினைத்த நேரத்தில், தேரி மண் கொண்டுவந்த பெண் எழுந்தாள். "சாத்தான்குளமும் கோவில்பட்டியும் ஒரே மாவட்டம். வெயிலும் ஒண்ணுதான். பிறகு ஏன் டீச்சர் ஒண்ணு செவப்பு, ஒண்ணு கறுப்பு?"

திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 15, திங்கள்

காமராசர் பிறந்தநாள் விழா. பாடம் நடக்கவில்லை. தப்பித்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

தேரி, காற்று வாரிக் குவித்த மணல். மணல்மணிகளின் மேல் இரும்புத் துரு பூசியதால் சிவப்பு. கரிசலுக்கு மூலப்பொருளே வேறு. ரஷ்யாவின் வசீலி தொகுச்சாயேவ் செர்னோசம் பற்றி 1883இல் நூல் எழுதியவர். அவரே காலநிலையை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. "மழை, வெயில்" என்று பலகையில் எழுதி, கீழே தாய்ப்பாறை, உயிர்கள், மேடுபள்ளம், காலம் என்று சேர்த்தேன்.

"அப்போ அன்னைக்கு மழையும் வெயிலும் போதும்னு சொன்னீங்களே டீச்சர்?"

அடித்துவிடச் சொன்னேன். நோட்டில் அடித்தார்கள், ரொம்ப சந்தோஷமாக.