மீன் வண்டியின் வெறும் தகடு: கல்லடிப் பட்டறைக் குறிப்புகள்

18 பெப்ரவரி 2025, செவ்வாய்

ஏறாவூர் மீன் நானா தன்னுடைய டிமோ பட்டா சின்ன லொறியைப் பட்டறை வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பின்பக்கம் ஐஸ் மீன் ஏற்றும் பெட்டி. வெளிப்புறம் முழுக்கப் பெயின்ட் படாத வெறும் ஸ்டெயின்லெஸ் தகடு. கட்டினது நாங்களல்ல.

"கறளே புடிக்காதெண்டு சொல்லித்தானே கூடக் காசு வாங்கினான். இதுட கோலத்தப் பாருங்க மனே."

கோலம் மோசம்தான். ஆனால் எல்லாவற்றையும் கறள் என்று ஒரே கணக்கில் எழுத ஏலாது. பின்கதவுக்குக் கீழே, ஐஸ் உருகி மீன் தண்ணியோடு வடிந்த இடத்தில் மண்ணிறக் கோடுகள். இடப்பக்கம் முழுக்கக் கடுகளவு செம்மஞ்சள் புள்ளிகள். கூரை விளிம்புக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வெளிறிய தேத்தண்ணி நிறம். ரிவெட் தலைகளைச் சுற்றி வெள்ளைத் தூள். வெல்டிங் பிடித்த மூலைகளில் நீலமும் மண்ணிறமுமாகப் பட்டை. வலப்பக்கத்தில் ஒரு பெரிய மங்கல் திட்டு, அந்த இடத்தில் தகட்டின் மினுக்கமே செத்துவிட்டது.

இன்றைக்கு ஒரு மருந்தும் போடவில்லை. மேலிருந்து கீழாகக் குழாய்த் தண்ணி அடித்து, உப்பும் மணலும் இறங்கின பிறகுதான் விம் கலந்த தண்ணியில் துணி தொட்டோம். உப்பு மணலோடு தேய்த்தால் கறை போகுமோ இல்லையோ, கீறல் நிச்சயம். பட்டறைக் கிணற்றைப் பொடியன் தொடப் போனான், மறித்துவிட்டேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் நிலத்தில் கிணற்றுத் தண்ணி உவர். அதால் கழுவுவது உப்பைப் பூசுகிற வேலை.

19 பெப்ரவரி, புதன்

காந்தம் வைத்துப் பார்த்தேன். தட்டையான இடங்களில் ஒட்டவில்லை, மடித்த விளிம்புகளில் மட்டும் இலேசாக இழுத்தது. அது பிழையில்லை. 304 என்கிற ஸ்டெயின்லெஸ் ரகத் தகட்டை மடித்தால் அந்த மடிப்பில் கொஞ்சம் காந்தம் ஏறும். எல்லா இடமும் டக்கென்று ஒட்டியிருந்தால் 430 ஆக இருக்கும், நிக்கல் இல்லாத மலிவு ரகம். ஆனால் காந்தத்தை நம்பி '304தான்' என்று சத்தியம் பண்ணவும் முடியாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்கிற 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. கடற்கரையில் அது 304 அளவுக்குத் தாங்காது. கடைக்காரர் சிலர் இரண்டையும் ஒரே பெயரில் விற்பது ஊரறிந்த விஷயம்.

பொடியன் கேட்டான்: "கறள் புடிக்காத இரும்புல ஏன் அண்ணே கறள்?"

நல்ல கேள்வி. இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால்தான் இந்தப் பெயரே வரும். 304 என்றால் குரோமியம் 18 சதவீதமளவு, நிக்கல் 8 சதவீதமளவு. அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து தகட்டின் மேல் ஒரு படலம் கட்டுகிறது. சில நனோமீட்டர் தடிப்புத்தான், கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சின பாலில் ஆடையை எடுத்தால் திரும்பக் கட்டுமே, அதுமாதிரி கீறினாலும் இது தானாகக் கட்டிக்கொள்ளும். ஆனால் அதற்குச் சுத்தமான மேற்பரப்பும் காற்றும் வேண்டும். உப்பிலுள்ள குளோரைட் அந்தப் படலத்தைப் பொத்துக்கொண்டு உள்ளே போகிற சாமான். அழுக்குக்குக் கீழே, துணுக்குக்குக் கீழே, ஸ்டிக்கருக்குக் கீழே காற்றும் போகாது, உப்பும் வெளியே வராது. அங்கேதான் வேலை கெடும்.

கூரை விளிம்பின் கீழே தேத்தண்ணி நிறம் வந்ததும் இதனால்தான். மழை படுகிற பக்கம்தான் பழுதாகும் என்று நானா நினைத்திருந்தார். உண்மையில் மழை கழுவிவிடுகிற இடம் பளிச்சென்று இருக்கிறது. கடற்காற்றில் உப்பு வந்து ஒட்டி, மழைத்தண்ணி எட்டாத நிழல் இடம்தான் நிறம் மாறியிருக்கிறது. வாழைச்சேனைத் துறைமுகத்திலும் கல்லடிக் கடற்கரை ரோட்டிலும் மாறி மாறி நிற்கிற வண்டிக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியம்.

21 பெப்ரவரி, வெள்ளி

இடப்பக்கப் புள்ளிகளின் கதை தெரிந்துவிட்டது. நானா வண்டி நிறுத்துகிற வளவுக்குப் பக்கத்தில் கேற் செய்கிற இடம் ஒன்று. கிரைண்டரில் சாதா இரும்பு வெட்டும்போது பறக்கிற பொறி சூட்டோடு வந்து தகட்டில் ஒட்டும். கறள் பிடிப்பது அந்த இரும்புத் துகள், தகடு இல்லை. நகத்தால் சுரண்டினால் சில புள்ளி கழன்றே வருகிறது. விட்டுவைத்தால் கீழே குழி விழும்.

ஒட்சாலிக் அமிலம் கலந்த தூளைத் தண்ணியில் குழைத்து, மென்மையான துணியில் எடுத்து, தகட்டின் மெல்லிய தேய்ப்புக் கோடு போகிற போக்கிலேயே தேய்த்தோம். கையுறை கட்டாயம், அது நஞ்சு. புள்ளிகளில் பெரும்பாலானவை அங்கேயே போயின. கழுவித் துடைத்த பிறகு சிட்ரிக் அமிலம்: ஒரு லீற்றர் தண்ணிக்கு 50 கிராம், ஏறக்குறைய 5 சதவீதம். ஏ.எஸ்.டி.எம். ஏ967 என்கிற நியமத்தில் 4 முதல் 10 சதவீதச் சிட்ரிக் கரைசலும், 21 முதல் 49 பாகை செல்சியஸ் சூடும், குறைந்தது 20 நிமிடமும் சொல்லப்பட்டிருக்கிறது. மட்டக்களப்பு வெயிலில் சூடாக்க அடுப்பு தேவையில்லை. நிற்கிற தகட்டில் கரைசல் வடிந்துவிடும் என்பதால் பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்து நனைத்து ஒட்டி, காயக் காயத் தெளித்துக்கொண்டு நின்றோம். சிட்ரிக் செய்கிற வேலை என்னவென்றால், மேலே தனியாகக் கிடக்கிற இரும்பைக் கரைத்து எடுத்துவிட்டுக் குரோமியத்தை விட்டுவைப்பது. மிச்சத்தைத் தகடே பார்த்துக்கொள்ளும்.

மனிசி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தேசிக்காய் ஊறுகாய் போடுற மாதிரியெல்லோ இரிக்கி," என்று சொல்லிவிட்டுப் போனாள். தேசிக்காயில் இருப்பதும் அதே அமிலம்தான். என்றாலும் தேசிக்காயில் உப்புத் தொட்டுத் தேய்க்கிற வீட்டுக் கைவைத்தியத்தை இந்தத் தகட்டில் யாரும் செய்யக்கூடாது. வேண்டாத சாமானே அந்த உப்புத்தான்.

22 பெப்ரவரி, சனி

இரவு தகட்டை நனைத்து ஈரச் சாக்கால் மூடி வைத்திருந்தோம். இரும்பு மிச்சம் இருந்தால் காலையில் செம்புள்ளி காட்டிக்கொடுக்கும். பின்கதவுப் பக்கம் காட்டிக்கொடுத்தது, அங்கே மட்டும் திரும்பச் செய்தோம்.

வலப்பக்க மங்கல் திட்டு வேறு விவகாரம். எங்கோ வண்டி கழுவின இடத்தில் கக்கூசு கழுவுகிற அசிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். அதில் இருக்கிற ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு நேர் விரோதி, படலத்தோடு தகட்டையும் தின்னும். குளோரின் கலந்த வெள்ளையாக்கும் தண்ணியும் அப்படித்தான். இது கறை இல்லை, அரிப்பு. கழுவிப் போகாது, தகட்டைச் சுரண்டித்தான் சமன் செய்ய வேண்டும்.

பெயின்ட் அடித்த வண்டியென்றால் புட்டி வைத்து மறைக்கலாம். வெறும் தகட்டில் மறைக்க ஒன்றும் இல்லை. மறுபக்கம் பார்த்தால், பெயின்டுக்கு இல்லாத வசதி ஒன்று இதில் உண்டு: கோட்டைத் திரும்பப் போடலாம். இரும்பு சேராத நைலோன் தேய்ப்பான், முதலில் சிவப்பு, பிறகு சாம்பல். தகட்டின் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கம், மூலையிலிருந்து மூலைக்கு நீளமாக ஒரே இழுவை. வட்டமாகத் தேய்த்தால் வெயில் பட்டதும் நிலவு மாதிரி தெரியும். திட்டை மட்டும் தேய்த்தாலும் ஓரம் காட்டும், அந்தப் பக்கத் தகடு முழுவதையும் இழுக்க வேண்டும். தோள் கழன்றுவிட்டது.

பொடியன் கம்பிப் பிரஷை எடுத்துக்கொண்டு வந்தான். சாதா இரும்புக் கம்பி. இரும்பு நாரும் அதே சங்கதி. அதால் தேய்த்தால் இன்றைக்கு மினுங்கும், அடுத்த கிழமை பக்கம் முழுக்கச் சிவக்கும். பட்டறையில் ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்று தனி டிஸ்க், தனிப் பிரஷ், தனிப் பெட்டி. இதைப் பொடியனுக்குச் சொல்லிச் சொல்லியே எனக்கு வயது போகிறது.

26 பெப்ரவரி, புதன்

சிவராத்திரி. வேலை இல்லை. கனடாவிலிருக்கிற மச்சான், வெறும் ஸ்டெயின்லெஸ் தகட்டோடு ஓடுகிற டெஸ்லா சைபர்ட்ரக் ஒன்றின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "உன்ட ஏறாவூர் மீன் வண்டிதான் இஞ்சையும் ஓடுது," என்று நக்கல். பகிடியில் உண்மையும் இருக்கிறது. 2023 நவம்பர் கடைசியில் அந்த வண்டி கைக்கு வரத் தொடங்கி, 2024 தொடக்கத்திலேயே சிலர் செம்மஞ்சள் புள்ளி என்று முறையிட்டார்கள். மேலே ஒட்டின இரும்புத் துகள் என்பதுதான் அங்கேயும் சொல்லப்பட்ட விளக்கம். பறவை எச்சம், மரப்பால், செத்த பூச்சி, ரோட்டு உப்பு எதுவென்றாலும் உடனே எடுத்துவிடு என்று அதன் கைநூலே சொல்கிறது. அங்கே பனிக்கு ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள், இங்கே கடல் கொண்டுவந்து தருகிறது. அதற்கு முன்னால், 1981இலிருந்து வட அயர்லாந்தில் செய்த டெலோரியன் காரும் பெயின்ட் இல்லாத 304 தகடுதான். அதன் கீறலை இன்றைக்கும் தேய்ப்பானால் கோடு இழுத்துத்தான் சரிக்கட்டுகிறார்கள்.

3 மார்ச், திங்கள்

ரிவெட்டெல்லாம் துளைத்து எடுத்தாகிவிட்டது. அலுமினிய பொப் ரிவெட். பெரிய ஸ்டெயின்லெஸ் பரப்பில் சின்ன அலுமினியத் துண்டு, நடுவில் உப்புத் தண்ணி. அலுமினியம்தான் கரையும், சிலது விரல் தட்டவே உதிர்ந்தது. ஸ்டெயின்லெஸ் ரிவெட் போட்டு, இடுக்கில் சிலிக்கன் வைத்தோம். வினாகிரி மணம் வருகிற மலிவுச் சிலிக்கனை வாங்கவில்லை, காயும்போது அமிலம் விடுவது அது.

வெல்டிங் பட்டை: நீலம் பிடித்த இடத்தில் மேற்பரப்பின் குரோமியம் குறைந்துபோயிருக்கும். கறள் முதலில் தொடங்குவதும் அங்கேதான். அதற்கென்று விற்கிற பசையில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கும், தோலில் பட்டால் எலும்பு வரை போகும். எங்கள் மாதிரித் திறந்த பட்டறையில் அதைத் திறக்க மாட்டேன். மெல்லிய டிஸ்க்கால் நிறம் போகும் வரை எடுத்து, மேலே சிட்ரிக்.

8 மார்ச், சனி

நோன்பு காலம். நானா அசர் தொழுதுவிட்டு வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார், சந்தோஷம்தான். பிறகு கேட்டார்: "இனிக் கழுவாமலே கிடக்கிற மாதிரி என்னத்தையாச்சும் அடிச்சித் தாங்களன்."

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சை அடிக்கலாம். வழுவழுத்த தகட்டில் அது பிடிப்பது அருமை, கல் பட்டு ஒரு இடம் உரிந்தால் அந்த ஓரத்துக்குள் உப்புத் தண்ணி போய்க் குந்தும். பிறகு முழுவதையும் உரிக்க வேண்டும். பிளாஸ்டிக் ஃபிலிம் வெயிலில் காய்ந்து பசை இறுகும். தேங்காய் எண்ணெய் பூசினால் நாளாகச் சிக்குப் பிடித்துத் தூசியைக் கூட்டும். வண்டிக்குப் போடுகிற மெழுகு பரவாயில்லை: கைத்தடம் குறையும், தண்ணி உருண்டு ஓடும், கழுவுவது இலேசாகும். ஆனால் சில கிழமையில் போய்விடும். அது கழுவுவதற்குத் துணை, கழுவலுக்குப் பதில் இல்லை.

"அப்ப என்னதான் வழி?"

"பின்னேரம் மீன் இறக்கினதும் குழாய்த் தண்ணியால ஒரு அடி, நானா. கூர விளிம்புக்குக் கீழயும் கதவடியும் மறக்காம. மறுகா ஒரு துணியால ஈரத்த இழுத்து விடுங்க."

துணி எதற்கென்றால், காயவிட்ட தண்ணி வெள்ளைத் திட்டாக நிற்கும். அப்படி நின்றாலும் வினாகிரியும் தண்ணியும் சரிபாதி தொட்டுத் துடைத்து உடனே கழுவினால் போகும். கைத்தடத்துக்கு அல்ககோல். காகம் எச்சமிட்டால் அன்றைக்கே. அவ்வளவுதான் நான் விற்கிற கவசம். நானாவுக்கு முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒன்றைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

5 ஏப்ரல், சனி

பெருநாள் முடிந்து வண்டி ஒருக்கா வந்தது. பக்கங்கள் சுத்தம். விளிம்புக்குக் கீழே தேத்தண்ணி நிறம் ஒரு விரல் அகலத்துக்கு மீண்டும் எட்டிப் பார்க்கிறது. அங்கே தண்ணி அடிக்கக் குனிய வேண்டும், நானாவின் மகன் குனிவதில்லை. ஒட்சாலிக் தூள் கொஞ்சம், துணி, முடிந்தது. குழி விழவில்லை.

10 மே, சனி

6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் முடிந்தது. நானாவின் பின்கதவில் யாரோ ஒட்டிவிட்டுப் போன வேட்பாளர் ஸ்டிக்கரை இன்றைக்கு உரித்தோம். வெயிலில் இறுகின பசையைத் தின்னரால் எடுத்தால், அதன் கீழ் ஓரம் நெடுக மண்ணிறக் கோடு. வென்றாரோ தோற்றாரோ, தகட்டில் அடையாளம் வைத்துவிட்டார். சிட்ரிக்கில் நனைத்த சாரத் துணி மறுபடி ஏறியது.

நானா இரண்டாவது வண்டிக்குப் பெட்டி கட்டக் கேட்கிறார். இம்முறை எங்கள் கையால். கோடு நெடுக்காக, மேலிருந்து கீழே ஓட வேண்டும், கிடைக்கோட்டில் உப்புத் தங்கும். கோடும் மெல்லியதாக இருக்க வேண்டும், முரட்டுக் கோடு அழுக்கைப் பிடித்து வைக்கும். கூரை விளிம்பு துருத்தாமல், மழைத்தண்ணி பக்கங்களில் இறங்கிக் கழுவுகிற மாதிரி. ஐஸ் தண்ணிக்குத் தகட்டைத் தொடாமல் கீழே இறங்கும் குழாய். ரிவெட் முடிந்தளவு இல்லை.

மொலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்ந்த 316 தகடு கடற்காற்றுக்கு இன்னும் நல்லது என்று சொல்லி விலையையும் சொன்னேன். நானா கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"304ஏ போடுங்க மனே. அவன நான் குனிய வைக்கன்."