நைட்ரைடு தண்டுக்கு நிக்கல் முலாம்: மாதிரித் துண்டு தேறியது

தண்டில் கை வைக்கும் முன், அதே எஃகில் அதே உலையில் நைட்ரைடு ஆன, அதாவது சூட்டில் நைட்ரஜனை ஊறவைத்து மேற்பரப்பைக் கடினமாக்கிய, ஒரு துண்டில் எல்லாப் படிகளையும் ஓட்டிப் பார்த்தேன். முலாம் பிடித்துவிட்டது. சாதாரண எஃகுக்குச் செய்வது போல எண்ணெய் போக்கி, அமிலத்தில் நனைத்தால் இதில் வேலைக்கு ஆகாது. நைட்ரைடிங்கில் மேலே உருவாகும் வெள்ளை அடுக்கு இரும்பு நைட்ரைடு. கடினமானது, எளிதில் உடையக்கூடியது. முலாம் அதில் ஒட்டுவதில்லை, ஒட்டினாலும் அடுக்கோடு சேர்ந்து பெயர்ந்து வரும். சில மைக்ரானிலிருந்து 25 மைக்ரான் வரைதான் தடிமன். அதன் கீழே நைட்ரஜன் ஊறிய பகுதிதான் நமக்கு வேண்டியது.

சிலிக்கான் கார்பைடு தாளால் தேய்த்து அதை எடுத்தேன். எங்கே நிறுத்துவது? கண்ணுக்குத் தெரியாது. இங்கேதான் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கைகொடுத்தது. எண்ணெய் இல்லாமல் சுத்தம் செய்த பரப்பில் மயில்துத்தக் கரைசலைத் தொட்டு வைத்தால், வெறும் எஃகில் சட்டென்று செம்பு படியும். வெள்ளை அடுக்கு மிச்சமிருக்கும் இடம் அப்படியே வெளிறி நிற்கும். ஓரங்களிலும் பள்ளங்களிலும் மட்டும் திட்டுத்திட்டாக வெளிறியது. அங்கே மறுபடி தேய்த்தேன். முழுக்கச் சிவந்த பிறகு, படிந்த செம்பையும் தேய்த்து எடுத்தேன்; அது தானாகப் படிந்த செம்பு, மேலே முலாம் போட்டால் உரிந்துவிடும்.

அப்புறம் சூடான காஸ்டிக் கரைசலில் துண்டை நேர்மின்வாயாக வைத்துச் சுத்தம். எதிர்மின்வாயாக வைத்தால் ஹைட்ரஜன் உள்ளே புகும், இவ்வளவு கடினமான எஃகு அதனால் விரிசல் விட்டு உடையலாம். கழுவியபின் தண்ணீர் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக நின்றது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிறிது நேரமே நனைத்தேன். அதிகமானால் மேலே கரி படியும்.

நேராக உட்ஸ் நிக்கல் தொட்டிக்கு, அதாவது முதல் மெல்லிய நிக்கலைப் பிடிக்க வைக்கும் அமிலக் கரைசலுக்கு. லிட்டருக்கு 240 கிராம் நிக்கல் குளோரைடு, 120 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலம் பரப்பைத் திறந்து வைத்திருக்கும்போதே நிக்கல் படிவதுதான் இதன் பலம். நிக்கல் உப்பு புற்றுநோய் தரக்கூடியது, அமில ஆவியும் உண்டு. கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் இல்லாமல் தொடவே கூடாது. கழுவிய நீரையும் சாக்கடையில் விடாமல் சேர்த்து வைக்கிறேன்.

மெல்லிய நிக்கல் படிந்ததும் வழக்கமான நிக்கல் முலாம் தொட்டிக்கு மாற்றினேன். முடிந்தவுடன் 190 டிகிரி செல்சியஸில் சுட்டேன், புகுந்த ஹைட்ரஜன் வெளியேற. நைட்ரைடிங் நடந்ததே 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் என்பதால் இதில் கடினத்தன்மை குறையாது. ஆறியதும் விளிம்பில் அரத்தால் உள்ளிருந்து வெளியே இழுத்தேன், நிக்கல் பெயரவில்லை. அடுத்தது தண்டு. அதன் சாவிப் பள்ளத்துக்குள் (சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவி உட்காரும் பள்ளம்) தாள் நுழையாது, அங்கே மட்டும் அலுமினா தூளைப் பீய்ச்சி வெள்ளை அடுக்கை எடுக்கப் போகிறேன்.