வாய்மொழித் தேர்வுக்கு முன் டெஸ்லாவில் (காந்தப்புல வலிமையின் அலகு) ஒரு கணக்குப் போடுங்கள்

போன திங்கட்கிழமை என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்தது. தேறிவிட்டேன். இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்து இதை எழுதுகிறேன். மூடிய பெட்டிக்குள் நானோ பாய்மத்தின் (மிக நுண்ணிய துகள் கலந்த திரவத்தின்) வெப்பச்சலனம், அதில் காந்தப்புலத்தின் விளைவு என்று கோவை, ஈரோடு பக்கம் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்களுக்காக.

முதல் இருபது நிமிடம் தடையில்லாமல் போனது. இடச்சுவர் சூடு, வலச்சுவர் குளிர். காந்தத்தின் பிடியைக் காட்டும் ஹார்ட்மன் எண் 50 வரை ஏற ஏற ஓட்டம் தளர்கிறது, சமவெப்பக்கோடுகள் நிமிர்ந்து சுவருக்கு இணையாகின்றன, வெப்பப் பரிமாற்றத்தைக் காட்டும் நுசெல்ட் எண் இறங்குகிறது. புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்கள் பெட்டி எத்தனை சென்டிமீட்டர்? ஹார்ட்மன் 50 என்றால் எத்தனை டெஸ்லா?"

என்னிடம் பதில் இல்லை. பரிமாணமற்ற, அதாவது அலகுகளே இல்லாத சமன்பாடுகளிலேயே ஆறு வருடம் ஓடிவிட்டது. பலகையில் போடச் சொன்னார். புலவலிமையையும் பெட்டியின் நீளத்தையும் பெருக்கி, மின்கடத்துதிறனைப் பாகுநிலையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் ஹார்ட்மன் எண். தண்ணீருக்கு நம் கட்டுரைகளில் வழக்கமாக எடுக்கும் மின்கடத்துதிறன் 0.05, பாகுநிலை 0.0009, பெட்டி 1 சென்டிமீட்டர். விடை சுமார் 670 டெஸ்லா. ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. இயந்திரமே பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான். கை வியர்த்து சாக்பீஸ் ஈரமாகிவிட்டது. கடைசிச் சுழியம் பலகையில் சரியாக விழவில்லை.

"பெட்டியைப் பெரிதாக்கலாம்" என்றேன். அங்கே இரண்டாவது அடி. 1 சென்டிமீட்டர் பெட்டியில், வெப்பச்சலனத்தின் உந்துதலைக் காட்டும் ரேலே எண் 1,00,000 வர, சுவர்களுக்கு இடையே ஏறக்குறைய 6 டிகிரி வித்தியாசம் போதும். நீளத்தைப் பத்து மடங்காக்கினால் அதே 6 டிகிரியில் ரேலே ஆயிரம் மடங்காகிவிடும். காந்தமோ இன்னும் 67 டெஸ்லா கேட்கும். பிறகு அவரே கைகொடுத்தார்: அதே 1 சென்டிமீட்டரில் பாதரசம் இருந்தால் 0.2 டெஸ்லா போதும். 1937-இல் ஹார்ட்மன் சோதனை செய்ததும் பாதரசத்தில்தான்.

மனதை அறுப்பது வேறொன்று. கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிற என் மாமா, செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே போன வருடமே கேட்டார்: "காந்தம் காந்தம் என்கிறாயே அம்மணி, எவ்வளவு பெரிய காந்தம்?" அது வெறும் எண் மாமா என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அன்றைக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டிருந்தால், அடிப்படைப் பாய்மமான தண்ணீரையே மாற்றியிருப்பேன். இப்போது ஆய்வேட்டில் இந்த வரம்பை விளக்கி ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நியாயமான திருத்தம்.

ஆகவே முதல் அத்தியாயம் எழுதும்முன் உங்கள் ஒவ்வொரு பரிமாணமற்ற எண்ணுக்கும் எதிரே சென்டிமீட்டர், டிகிரி, டெஸ்லா எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். கேட்டதில் நினைவிருப்பவை:

- காந்தப்புலம் ஏன் ஓட்டத்தைத் தடுக்கிறது? நகரும் பாய்மத்தில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அதனால் எழும் லோரன்ட்ஸ் விசை நகர்ச்சிக்கு எதிராக நிற்கிறது. கிடைப்புலம் செங்குத்துத் திசைவேகத்தை அடக்கும். திசையை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.
- தண்ணீரில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) துகள் 4 சதவீதம் கலந்தால் மேக்ஸ்வெல் வாய்பாட்டில் வெப்பக் கடத்துதிறன் 12 சதவீதம் கூடும். பிரிங்க்மன் வாய்பாட்டில் பாகுநிலையும் 11 சதவீதம் கூடும். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். துகள் போட்டால் வெப்பப் பரிமாற்றம் கூடும் என்று மொட்டையாகச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.
- நுசெல்ட் எண்ணில் நானோ பாய்மத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள வெப்பக் கடத்துதிறன் விகிதத்தைப் பெருக்கினீர்களா? நான் பெருக்கியிருந்தேன், தப்பித்தேன்.
- உங்கள் நிரலின் சரிபார்ப்புக்கு, இதே போன்ற பெட்டிக்கு டி வால் டேவிஸ் 1983-இல் வெளியிட்ட ஒப்பீட்டு முடிவுகள். காற்று, ரேலே 1,00,000, சராசரி நுசெல்ட் 4.519. இந்த எண் தூக்கத்திலும் வரவேண்டும்.